சென்னையில் செய்த ஹெரால்டு: பழைய காரை மீட்டெடுக்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் தாத்தா வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அல்லது யாரோ விற்பதாகச் சொல்லிப் படம் அனுப்பியிருக்கிறார்கள். எடுத்து ஓடவைக்க ஆசை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் முறை அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் மோரிஸ் மைனருக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனாலும் ஹெரால்டை வைத்தே சொல்கிறேன். அது மெட்ராஸில் செய்த கார், அதோடு புதிதாகக் கற்பவர் கையில் சுலபமாகப் படியும் வண்டி.

முழுக் கட்டுரைக்கும் அடிப்படையான என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு குறைவாக மாற்றுகிறோமோ அவ்வளவு நல்ல வேலை. பளபளப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டும் அப்போது தைத்த சீட்டும் ஒருமுறை போனால் போனதுதான்.

முதலில் காரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் மெட்ராஸில் தொடங்கியது. தொழிற்சாலை ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்தது. 1950களின் நடுவில், இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும்தான் தொழில் நடத்தலாம் என்ற நிலை வந்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார் செய்ய மிஞ்சிய பெரிய நிறுவனங்கள் மூன்று: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் வந்தது. வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961இல் அதுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டாக மெட்ராஸில் தயாரானது. எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர்.

இந்தக் காரின் கட்டுமானத்துக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் சேஸிஸும் (அடிச்சட்டம்) பாடியும் ஒன்றான மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த இங்கிலாந்து நிறுவனமான ஸ்டாண்டர்டு-டிரையம்ப்புக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், தனி சேஸிஸ் ஒன்றைப் போட்டு, பல இடங்களில் செய்த பாடித் துண்டுகளை அதன்மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். பிரித்து அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதற்கும் அது தோதாகப் போயிற்று. அந்த நெருக்கடியால் இன்று லாபம் உங்களுக்குத்தான். வெல்டிங்கை அறுக்காமல் ஸ்பேனரை வைத்தே பாதிக் காரைக் கழற்றிவிடலாம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

1960களின் பிற்பகுதியில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. டிரையம்ப் இங்கிலாந்தில் அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை. 1970களில் அதே எஞ்சினோடு கேசல் என்ற கார் வந்தது. பின்னால் ஊசலாடும் ஆக்ஸிலை எடுத்துவிட்டு வழக்கமான ஒற்றை ஆக்ஸில் வைத்தார்கள். 1980களின் இறுதிக்குள் கார் உற்பத்தியே நின்றுபோனது.

இதெல்லாம் வெறும் கதை என்று தாண்டிப் போகவேண்டாம். உங்கள் கையில் இருப்பது எந்த ஆண்டு, எந்த மாடல் என்று தெரிந்தால்தான் எந்தப் பாகம் இங்கிலாந்தில் கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்று புரியும். எஞ்சின் கேஸ்கெட்டும் வால்வும் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நான்கு கதவு வண்டியின் பின்கதவும் அதன் கண்ணாடியும் ரப்பரும் அங்கே இருக்க வாய்ப்பே இல்லை. அவை உடையாமல் இருக்கும் காராகப் பார்த்து எடுங்கள்.

பணம் கொடுக்கும் முன்: காகிதம்

ஆர்சி புத்தகம் இல்லாத காரை வாங்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்சியில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எண் தகடு எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். எஞ்சின் எண் பிளாக்கின் பக்கவாட்டில் குத்தியிருக்கும். அழுக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல், துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள்.

உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோருடைய ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு பதிவு எல்லைக்கு வண்டியைக் கொண்டுபோவதென்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று. பதிவு காலாவதியாகி இருந்தால் படிவம் 25இல் விண்ணப்பித்து, தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டவேண்டும். நிலுவை வரி எவ்வளவு என்று வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காரின் விலையைவிட அது பெரிய அதிர்ச்சியாக இருக்கக்கூடும்.

பழைய மூன்றெழுத்துப் பதிவெண்ணைக் கைவிடாதீர்கள். கார் எப்போது, எந்த ஊரில் முதலில் சாலைக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

காரைப் பார்க்கும் விதம்

காந்தம் ஒன்று, டார்ச் ஒன்று, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. இவை போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஹெரால்டில் பாடியைவிட சேஸிஸ்தான் முக்கியம். நடுவில் ஓடும் முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் கைகள் போல நீளும் சட்டங்கள்தான் பாடியைத் தாங்குகின்றன. அவற்றின் நுனியில், குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு அருகே, தண்ணீரும் மண்ணும் தேங்கித் துருப்பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது. கதவிடுக்கையும் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சேஸிஸ் தொய்ந்திருக்கலாம். பேட்டரி அமரும் தட்டில் ஆசிட் சிந்தி ஓட்டை விழுந்திருக்கும். அது சரிசெய்யக் கூடியது, பயப்பட வேண்டாம்.

எஞ்சினுக்கு ஒரு சோதனை உண்டு, மறக்காமல் செய்யுங்கள். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியை, அதாவது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முன்நுனியில் உள்ள சக்கரத்தை, கவனியுங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. இருக்கவேண்டிய இடைவெளி 0.004 முதல் 0.008 இஞ்ச் வரைதான். இந்தக் குடும்பத்து எஞ்சின்களின் தெரிந்த பலவீனம் இது. வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரிக்கும். வாஷரை மாற்றுவது சின்ன வேலை. பிளாக் கெட்டால் அந்த எஞ்சின் எண்ணோடு இருந்த காரின் வரலாறும் போய்விடும்.

முன்சக்கரத்தில் இன்னொன்று. சக்கரம் திரும்பும் அச்சின் அடிப்பகுதியில் டிரனியன் என்ற வெண்கலப் பாகம் இருக்கிறது. அச்சின் மரை அதற்குள் திருகிக்கொண்டு சுழலும். இதற்குப் போடவேண்டியது இபி90 கியர் ஆயில். கிரீஸ் அல்ல. நிப்பிள் இருக்கிறதே என்று பல பட்டறைகளில் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே கெட்டிப்பட்டு, மரைக்கு மசகு போகாமல், ஈரம் தங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் அச்சு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறியும் என்றாலும் அதை நம்பி ஓட்டமுடியாது. முன்கதை தெரியாத ஹெரால்டு எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கழற்றி, சுத்தம்செய்து, மரையில் துருக்குழி இருந்தால் மாற்றிவிட்டுத்தான் சாலையில் இறங்கவேண்டும். “ஒரிஜினலை வைத்துக்கொள்ளுங்கள்” என்ற என் பேச்சுக்கு இங்கே விலக்கு உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட பாகத்தில் பழமை பார்க்கக்கூடாது.

எதையும் கழற்றும் முன் எழுதுங்கள்

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். கார் கிடக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வயர் எந்த வழியாகப் போகிறது, கிளிப் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த போல்ட்டில் வாஷர் இருக்கிறது என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து நினைவில் இருக்காது. கழற்றிய போல்ட்டை அதன் இடத்தின் பெயர் எழுதிய கவரில் போடுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹெரால்டு முழுக்க இஞ்ச் அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள்தான் அதிகம் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து “கிட்டத்தட்டப் பொருந்துகிறது” என்று திருகினால் நட்டின் முனை மழுங்கும். பிறகு உளி, கேஸ் கட்டர் என்று வேலை நீளும். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் மாலையே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

பாகங்களில் உள்ள பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். லூகாஸ்-டிவிஎஸ் 1961இலும் பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தொடங்கியவை, இரண்டும் சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்தவை. மெட்ராஸில் கார் செய்யத் தொடங்கிய அதே காலத்தில்தான் அதற்கான உதிரிபாகத் தொழிலும் இங்கே வேர்விட்டது. உங்கள் டைனமோவிலோ வீல் சிலிண்டரிலோ அப்படி ஒரு பெயரும் தேதியும் இருந்தால், அது ஒரு நகரத்தின் தொழில் வரலாறு. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் மாற்றுப் பாகம் கிடைத்தது என்பதற்காகப் பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

காரை வைத்திருந்த குடும்பத்தோடும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். யார் வாங்கினார்கள், எங்கெல்லாம் போனார்கள், எப்போது நிறம் மாற்றினார்கள், கல்யாணப் படத்தில் கார் தெரிகிறதா என்று கேளுங்கள். பழைய சர்வீஸ் ரசீது ஒன்று கிடைத்தால்கூடப் போதும்.

எந்த அளவுக்குச் செய்வது

உலகப் பழைய வாகன அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபிவா, டூரின் சாசனம் என்று ஒரு வழிகாட்டு ஆவணம் வைத்திருக்கிறது. அது வேலையைப் படிப்படியாகப் பிரிக்கிறது. இருப்பதை அப்படியே கெடாமல் காப்பது ஒன்று. கெட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தி நிலைப்படுத்துவது இன்னொன்று. காணாமல் போனதை ஆதாரத்தோடு நிரப்பி மீட்டெடுப்பது மூன்றாவது. புதிதாகச் சேர்க்கும் பாகம் புதியது என்று பின்னால் வருபவருக்குத் தெரியும்படி அடையாளம் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஃபிவா கணக்கில் 30 ஆண்டு கடந்து, வரலாற்றுக்குச் சரியான நிலையில் காக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டிதான் வரலாற்று வாகனம்.

நம் ஊரில் பெரும்பாலும் நேராக மூன்றாவது படிக்கே தாவிவிடுகிறார்கள். முழு பெயிண்டையும் சுரண்டி, சீட்டையெல்லாம் கிழித்து, புதிய ரெக்ஸின் போட்டு, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் கார் வெளியே வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1964இல் மெட்ராஸில் ஒரு தொழிலாளி எப்படி பீடிங் வைத்தார், எந்த நூலில் தைத்தார் என்ற செய்தி அதோடு அழிந்துவிடுகிறது. பெயிண்ட் 60, 70 சதவீதம் உயிரோடு இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். மெதுவாக காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, துருப்பிடித்த இடத்தை மட்டும் சரிசெய்து, மெழுகு பூசினாலே போதும்.

அப்படியானால் பின்னாளில் செய்த மாற்றங்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் அகற்றித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் ஆஸ்டின் ஏ-40, மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்படி ஓடிய கார் ஒன்று உங்கள் கையில் வந்தால், அந்த ஏற்பாட்டைப் பிடுங்கி எறிவது வரலாற்றையே பிடுங்குவதாகும். ஆனால் பட்டறைக்காரர் அவசரத்துக்கு ஒட்டவைத்த ஹாரன் சுவிட்சுக்கு அந்த மரியாதை தேவையில்லை. ஒரு மாற்றம் யாருடைய வாழ்க்கையைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

வேலையின் வரிசை

பெயிண்டில் தொடங்காதீர்கள். முதலில் சேஸிஸ், பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும், அப்புறம் பெட்ரோல் பாதை, வயரிங், எஞ்சின். பெயிண்ட், குரோம், சீட் எல்லாம் கடைசி. காரணம் எளிது. பெயிண்ட் அடித்த காரில் வெல்டிங் செய்ய முடியாது. அதோடு பாதியில் பணம் தீர்ந்தால், அழகில்லாவிட்டாலும் ஓடும் கார் ஒன்று கையில் இருக்கும். அழகான, ஓடாத காரை யாரும் தொடமாட்டார்கள். மொத்தச் செலவில் டிங்கரிங், பெயிண்ட், முலாம் மூன்றும்தான் பெரும்பங்கை விழுங்கும். நினைத்த தொகையைப் போல இரண்டு மடங்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி நான்கு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கண்டிப்பாக வேண்டும். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் பிடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். காலி பெட்ரோல் டேங்குக்குள் ஆவி நிற்கும், அதை வெல்டிங் செய்வது அனுபவம் உள்ளவர் வேலை.

பிரேக்

தொடக்க கால ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் விட்டால் பெடல் தரைக்குப் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். அதனால் ரப்பர் ஹோஸ், வாஷர் கிட், இரும்புக் குழாய் மூன்றையும் பேசாமல் புதிதாகப் போடுங்கள். வீல் சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தால் தூக்கி எறியவேண்டாம். நல்ல லேத் பட்டறையில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுத் தருவார்கள். வெளியே பழைய வார்ப்பு, உள்ளே புதிய வேலை. காக்கும் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நெடுநாள் உறங்கிய எஞ்சினை எழுப்புவது

புதிய பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ரிங் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தால் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, புல்லியை ஸ்பேனரால் மெதுவாகக் கையாலேயே சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி, ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டவேண்டும். கியர் பாக்ஸில் பித்தளைப் பாகங்கள் இருப்பதால் ஜிஎல்-4 தரத்துக் கியர் ஆயில் போடுங்கள். ஜிஎல்-5இல் உள்ள சில சேர்மானங்கள் பித்தளையை அரிக்கக்கூடும்.

டெல்கோ (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறந்து பாயிண்ட் இடைவெளியை 0.015 இஞ்சுக்கும், பிளக்கை 0.025க்கும் வையுங்கள். ஃபயரிங் வரிசை 1-3-4-2. பேட்டரி மாட்டும் முன் எர்த் எந்தப் பக்கம் என்று உறுதிசெய்யுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு இணைந்திருக்கும்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு” என்று எப்போதோ கழற்றியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடேறும் வண்டிக்கு மருந்து ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்வதுதான்.

இன்றைய பெட்ரோல் தனிப் பிரச்சினை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கும் 1960களின் ரப்பருக்கும் ஒத்துவராது. பம்ப் டயஃப்ரம் ஊதும், ஹோஸ் உள்ளே இருந்து உதிரும், கார்க் கேஸ்கெட் கசியும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்கும் துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் போடுங்கள், தெரியும் இடத்தில் ஒரு ஃபில்டர் வையுங்கள், மாதக் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். கலவை மெலிதாவதால் எஞ்சின் திணறினால் கார்புரேட்டரில் ஒரு அளவு பெரிய ஜெட் தேவைப்படலாம்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றதால் வால்வ் சீட் தேயும் என்ற பயமும் பலருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஓட்டும் காருக்கு அதற்காக ஹெட்டைக் கழற்றவேண்டாம். வேறு வேலைக்கு ஹெட் இறங்கும்போது கடின சீட் போட்டுக்கொள்ளலாம்.

பாடியும் பெயிண்டும்

நல்ல டிங்கரைத் தேடுவதுதான் இதில் முக்கால் வேலை. தகட்டை வெட்டி, மடக்கி, கேஸ் வெல்டிங்கில் இணைத்து, சுத்தியலும் டாலியும் (தட்டும்போது தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து மட்டம் செய்யத் தெரிந்தவர்கள் அநேகமாக அறுபது வயதைத் தாண்டியவர்கள். புதுப்பேட்டையிலோ கோவை உக்கடம் பக்கமோ விசாரித்தால் யாராவது ஒருவரைக் காட்டுவார்கள். அவரிடம் “பட்டி குறைவாக, தகடு அதிகமாக” என்று முதலிலேயே சொல்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், பேரம் பேசி இளைக்க வைக்காதீர்கள். அனுமதி கேட்டு அவர் வேலை செய்வதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். அந்தக் கைத்திறனைத் தமிழில் எழுதிவைத்த புத்தகம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை, காரைவிட அதுதான் முதலில் மறையப்போகிறது. பழகக்கூடிய பையன் ஒருவன் உங்கள் வீட்டில் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முதல் நிறம் என்ன என்று கண்டுபிடிக்க டாஷ்போர்டின் பின்பக்கம், கதவு அட்டையின் உள்பக்கம், கண்ணாடி ரப்பருக்கு அடியில் பாருங்கள். வெயில் படாத அந்தத் துண்டை வைத்துத்தான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கவேண்டும். பழைய பெயிண்ட் எந்த வகை என்று அறிய, மறைவான இடத்தில் தின்னர் தொட்ட துணியால் தேயுங்கள். கரைந்து துணியில் வந்தால் அதன்மேல் புதிய வகை பெயிண்டை நேராக அடிக்கக்கூடாது, சுருங்கி எழும்பும்.

சாலைக்கான பதிவு

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கவேண்டும். வேறு காரின் எஞ்சினைப் பொருத்திய ஹெரால்டுக்கு இங்கேதான் சிக்கல் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவுள்ள கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதியும் வண்டிக்கு விஏ என்ற எழுத்துகள் கொண்ட எண் தருவார்கள். ஆனால் இந்தப் பதிவில் காரை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான்.

வாரம் ஒருமுறையாவது குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகவேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். கார் ஓடாமல் நின்றால் சீக்கிரம் கெடும்.

ஓட்டத்திலும் காட்சியிலும்

முதல் சில ஓட்டங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். ஹெட் கழற்றிப் பூட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி வரிசையாக இறுக்கி, எஞ்சின் ஆறிய நிலையில் டாப்பெட்டை (வால்வு இடைவெளி) 0.010 இஞ்சுக்கு வையுங்கள். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விடாதீர்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் உள்ளே மடிந்து வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, லேசாக மிதித்துக்கொண்டே வெளியே வாருங்கள். அதே கார் சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மயிலாப்பூர் மாடவீதிச் சந்துகளில் அதன் அருமை தெரியும்.

மற்ற கார்களைப் பார்த்துக் கற்பதற்கு கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீடீ கார் அருங்காட்சியகம் நல்ல இடம். ஜி.டி.நாயுடு அறக்கட்டளையினர் நடத்துவது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அங்கே நிச்சயம் அகப்படுவார்கள். பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இணையத்தைவிட அவர்கள் சீக்கிரம் பதில் சொல்வார்கள்.

உங்கள் காரைக் காட்சிக்குக் கொண்டுபோகும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டை வையுங்கள், தமிழில். கார் எந்த ஆண்டு, எங்கே செய்தது, முதலில் எந்த ஊரில் ஓடியது, எந்தெந்தப் பாகம் அசல், எது எப்போது புதிதாகப் போட்டது, டிங்கரிங் செய்தவர் யார், பெயிண்டர் யார் என்று எழுதுங்கள். பெயர் போடச் சம்மதமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.